ஆறாம் பாகத்தின் குறைகள்

அந்தக் குதிரைக்காரனைச் சேற்றில் இறக்காதீர்கள் தம்பி. மழை பெய்கிற களத்தில் குதிரை இரண்டு கட்டத்துக்கு மேல் நகராது. அடுத்த முறை எதிரி அம்பு விட்டால் ஆள் காலி. அவன் மேட்டிலேயே நிற்கட்டும், ஈட்டிக்காரனை முன்னால் விடுங்கள். ஆங், அப்படித்தான்.

மன்னித்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் ஆட்டத்தில் வாயைக் கொடுப்பது தப்புதான். ஈரோட்டில் ஏறியதிலிருந்து உங்கள் கையில் இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். சித்தோடு வரைக்கும் அடக்கிக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

படை ஆறுதானே அது? ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர் இருக்கிறது. நானும் என் சிநேகிதன் நாச்சிமுத்துவும் முதல் பாகம் வந்த நாளிலிருந்து 'படை' என்றுதான் சொல்வோம். படை ஒன்று, படை இரண்டு என்று இப்போது ஆறு வரை வந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் ஆகிறது. என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? ஐம்பத்தேழு வயதுக்காரன் வீடியோ கேம் ஆடக் கூடாதா? என் வீட்டிலும் இதே பார்வைதான்.

நீங்கள் சத்தியமங்கலம் வரைக்குமா? நான் கோபியில் இறங்கிவிடுவேன். நாச்சிமுத்து வீடு அங்கேதான். வெள்ளிக்கிழமை அவன் மகனோடு புனே போகிறான். ஒரேயடியாகப் போகிறான், வீட்டைக்கூட வாடகைக்கு விட்டாயிற்றாம். இன்றைக்குப் புதன். ஐந்து மாதமாக அவனும் நானும் பேச்சு இல்லை. நேற்று வாட்ஸப்பில் ஒரு வரி வருகிறது: "வெள்ளிக்கிழமை கிளம்பறேன். கடைசிக் களம் பாக்கி இருக்குது. வந்தா வா." அவ்வளவுதான். தப்பு என் மேல்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. அவனுக்கு எப்போதும் அந்த வழக்கம் இல்லை.

போவதா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். வீட்டில் சொன்னாள், "இருபத்தஞ்சு வருசத்துச் சிநேகிதம். இன்னிக்கு விட்டா அப்புறம் எங்க பார்க்கப் போறீங்க?" என்று. அது சரிதான். அதனால்தான் வருகிறேன். ஆனால் நான் சும்மா போகவில்லை. பையில் பதினான்கு பக்கம் வைத்திருக்கிறேன், கிராஃப் தாளில் கட்டம் போட்டு. அதை அவன் முன்னால் வைத்துவிட்டுத்தான் மறு பேச்சு.

சண்டைக்குக் காரணம் இந்தப் படை ஆறு. வேறு எதுவும் இல்லை.

குறை சொல்வதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லேப் இன்ஸ்ட்ரக்டர். ரெக்கார்டு நோட்டைத் திருத்தும்போதுகூட, சரியாக இருக்கும் இடத்தில் டிக் போட்டுவிட்டுத்தான் சிவப்புப் பேனாவை எடுப்பேன்.

இதில் மேடு பள்ளம் உண்டு. பழைய பாகங்களில் தரை சதுரங்கப் பலகை மாதிரித் தட்டையாக இருக்கும். இதில் ஒரு வில்காரனைப் பாறை மேல் ஏற்றிவிட்டால் கீழே இருப்பவன் கதி அதோகதி. மழை உண்டு, சேறு உண்டு, காற்றுக்கு அம்பு விலகும். ஆற்றங்கரைக் களத்தில் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? இன்னும் அங்கே வரவில்லையா? வரும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த எதிரித் தளபதி. இரண்டு களத்தில் நீங்கள் இடது பக்கமாகவே போனால், மூன்றாவது களத்தில் இடது பக்கம் ஆள் போட்டுக் காத்திருப்பான். பார்த்துக் கற்றுக்கொள்கிறான். முப்பது வருடம் லேப் எடுத்தேன் தம்பி, என்னைப் பார்த்து உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே ஜீவன் அவன்தான்.

நல்லது அவ்வளவு. இனிமேல் சிவப்புப் பேனா.

யாரும் என்னவாகவும் ஆகலாம் என்று வைத்துவிட்டான். வில்காரன் இரண்டு களம் கழித்து மந்திரவாதி ஆகிறான். மந்திரவாதி குதிரை ஏறுகிறான். பழைய பாகத்தில் கோடாலிக்காரன் என்றால் சாகிற வரைக்கும் கோடாலிக்காரன். அவனிடம் என்ன முடியும், என்ன முடியாது என்று நமக்குத் தெரியும். அதை வைத்துத்தானே திட்டம் போடுவது?

அப்புறம் அந்த முகாம். ஒரு களம் முடிந்தால் அடுத்த களம் என்று போக விடுகிறானா? முகாமுக்குப் போ, ஒவ்வொருத்தனிடமும் உட்கார்ந்து பேசு, டீ குடி, மீன் பிடி. யாருக்கோ ஊரில் தங்கை கல்யாணமாம், அதை நான் நின்று கேட்க வேண்டும். நான் ஒன்றையும் கேட்கமாட்டேன், பட்டனை அழுத்தித் தாண்டிவிடுவேன். நாச்சிமுத்து தாண்டவிடமாட்டான். "இருடா, அவன் என்ன சொல்றான்னு கேப்போம்." என்னத்தைக் கேட்பது! அவன் சொல்வதால் அவன் கத்திக்கு வலு கூடப்போகிறதா?

மூன்றாவது, முன்னறிவிப்பு இல்லாமல் முளைக்கிற எதிரிகள். இதற்குத் திரும்பி வருகிறேன்.

கடைசிக் குறை அந்த மணற்கடிகாரம். உங்கள் திரையில் மூலையில் இருக்கிறது பாருங்கள், அதுதான். அதை அழுத்தினால் நடந்தது நடக்காததாகிவிடும். செத்தவன் எழுந்து இரண்டு முறைக்கு முன்னால் நின்ற இடத்தில் நிற்பான். ஒரு களத்துக்கு மூன்று தடவை. முதல் ஐந்து பாகத்தில் இது கிடையாது. நீங்கள் அழுத்தியிருக்கிறீர்களா? பரவாயில்லை, சொல்லுங்கள். அழுத்தியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்தவனைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. செத்தவன் செத்தவன்தான். அந்தக் காலத்தில் காலேஜ் கம்ப்யூட்டர் லேபில், மூன்று மணிக்குப் பையன்கள் போனதும் உட்கார்ந்து ஆடுவோம். முதல் வாரமே போட்ட விதி அது. ஒரு முறை நான் ஆணையிடுவேன், அடுத்த முறை அவன். யார் தப்பால் யார் செத்தாலும் பழைய இடத்துக்குப் போய் மறுபடி ஆடுவது கிடையாது. தோற்றால் தோற்றது. அதில்தான் ருசியே. ஒவ்வொரு கட்டத்தையும் பயந்து பயந்து வைப்போம்.

நாச்சிமுத்து டிராயிங் மாஸ்டர். அவன் எழுத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். ஸ்கேல் வைக்காமல் கோடு போட்டால் ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிராயிங் ஷீட் எடுத்து, செத்தவர்கள் பட்டியல் எழுதுவான். பெயர், எந்தக் களம், எந்த ஆயுதத்தால், தேதி. அச்சு மாதிரி எழுத்து. அதை அவன் வீட்டு முன்னறையில் ஒட்டி வைத்திருப்பான். சொந்தக்காரர்கள் வந்தால் ஏதோ போரில் செத்த மிலிட்டரிக்காரர்கள் என்று நினைத்து மரியாதையாக நின்று படிப்பார்கள்.

காலேஜில் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்ட பிறகு அவன் வீடுதான் எங்கள் களம். சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு இதே வழியில் பஸ் ஏறுவேன். அவன் மனைவி திலகமணி மூன்று மணிக்கு டீ கொண்டு வருவாள். டம்ளரை வைத்துவிட்டு அந்தத் தாளைப் பார்ப்பாள். "இன்னிக்கு யாருங்ணா போனது?" என்பாள். சொன்னால், "அய்யோ, அந்தச் செவத்த பையனா? அவனை எதுக்குங்ணா முன்னால அனுப்புனீங்க?" என்பாள். ஒரு தடவைகூட விளையாட்டைத் தொட்டதில்லை, ஆனால் எல்லார் பெயரும் தெரியும். கவனம் சிதறும், நான் எரிந்து விழுவேன். "அம்மிணி, இது போர். பாவம் பார்த்தால் நடக்காது." அவள் சிரிப்பாள். "நீங்க பாக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. சிறுநீரகம். எட்டு மாதம் டயாலிசிஸ் பார்த்தார்கள். கடைசி வாரத்தில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகலாமா என்று நாச்சிமுத்து என்னைத்தான் கேட்டான். அவன் எதையும் என்னைக் கேட்காமல் செய்யமாட்டான். "அவள் இருக்கிற நிலையில் அவ்வளவு தூரம் அலைக்க வேண்டாம், இங்கேயே பார்ப்போம், இரண்டு நாள் போகட்டும்" என்றேன். யோசித்துத்தான் சொன்னேன். சரி, அது வேறு விஷயம். நான் விளையாட்டைப் பற்றி அல்லவா சொல்லிக்கொண்டிருந்தேன்.

படை ஆறு வந்தது. ஆளுக்குப் பெயர் நாமே வைக்கலாம், பழைய பாகங்களிலும் அப்படித்தான். எட்டு ஆங்கில எழுத்துக்குள் இருக்க வேண்டும். நாங்கள் எப்போதும் காலேஜ் ஆட்கள் பெயரைத்தான் வைப்போம். பிரின்சிபால் பெயரைக் கழுதை வண்டிக்காரனுக்கு வைத்து, இரண்டாவது களத்திலேயே போட்டுத்தள்ளியிருக்கிறோம். இந்தத் தடவை வைத்தியக்காரி வந்தபோது நாச்சிமுத்து ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கினான். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினான். திலகா. முழுப் பெயர் ஏறவில்லை, அதனால் திலகா.

  அன்றிலிருந்து ஆட்டம் கெட்டது. வைத்தியக்காரி என்பவள் முன்னால் போனால்தான் காயம்பட்டவனுக்கு வைத்தியம் பார்க்க முடியும். அவன் முறை வரும்போதெல்லாம் அவளைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்திவிடுவான். என் முறையில் நான் முன்னால் கொண்டுவருவேன். அவன் முறையில் மறுபடி மரத்தடி. இப்படிப் பதினொரு களம். எவ்வளவு கட்டம் வீணாகப் போயிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். முகாமுக்கு வந்தால் வேறு யாரிடமும் போகமாட்டான், நேரே அவளிடம். அவள் மூலிகையைப் பற்றி ஏதாவது சொல்வாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்பான். நான் எழுந்து வாசலில் போய் நின்றுகொள்வேன்.

பன்னிரண்டாவது களம் பாலம். உங்களுக்கு இனிமேல்தான் வரும், சொல்லிவைக்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஆறு, குறுக்கே ஒரு கல் பாலம், அந்தப் பக்கம் கோட்டை. பாலத்தின் நடுவில் நம் ஈட்டிக்காரன் காயம்பட்டு நிற்கிறான். அவன் விழுந்தால் பாலம் போய்விடும். என் முறை. வைத்தியக்காரியைப் பாலத்தின் முனைக்குக் கொண்டுவந்தேன். புத்தகம் எழுதினாலும் அதுதான் சரியான ஆணை. இன்றைக்கும் சொல்வேன்.

நாச்சிமுத்து, "டேய் வேலு, பின்னால தூசி தெரியுதுடா" என்றான்.

திரையின் கீழ் மூலையில், ரோட்டில், லேசாக ஏதோ புகை மாதிரி. நானும் பார்த்தேன். "காற்றடிக்கிறது, படத்துக்காகப் போட்டிருக்கிறான்" என்றேன்.

"ஒரு முறை பொறுத்துப் பாக்கலாமா?"

"பொறுத்தா ஈட்டிக்காரன் போயிருவான். உன்ற பயத்துக்கு ஆட்டத்தை நிறுத்த முடியாது."

 என் பேச்சை அவன் தட்டமாட்டான், சொன்னேனே.

ஆறு குதிரைக்காரர்கள். பின்னால் ரோட்டிலிருந்து முளைக்கிறார்கள். முளைத்த அதே முறையில் பாய்ந்து வந்து அடிக்கிறார்கள். இதைத்தான் சொன்னேன், முன்னறிவிப்பு இல்லாமல் என்று. ஒரு முறை கழித்து நகர்ந்தால் நாம் திரும்பி நிற்கலாம். வந்த உடனே அடித்தால் என்ன திட்டம் போடுவது? இது தந்திரமே இல்லை தம்பி, அயோக்கியத்தனம். இணையத்தில் எத்தனை பேர் இதே குறையை எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? நான் மட்டும் சொல்லவில்லை.

தூசி முன்னறிவிப்பு அல்லவா என்று கேட்பீர்கள். நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தூசியை முன்னறிவிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியுமா? எத்தனை களத்தில் சும்மாவே தூசி பறந்திருக்கிறது? அவளை ஒரு கட்டம் தள்ளி, தூண் மறைவில் நிறுத்தியிருந்தால்? ஈட்டிக்காரனை விட்டுக்கொடுத்திருந்தால்? காலையில் பல் துலக்கும்போதுகூட அந்தப் பாலம் கண்ணில் நிற்கிறது. ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதனுக்கு யோசிக்க வேறு விஷயம் இல்லையா என்று நானே என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

திலகா விழுந்தாள். இரண்டு அடிதான். அவளுக்கு அங்கே ஒரு வசனம் வைத்திருக்கிறான், அது ஒலிக்கத் தொடங்கியது. நாச்சிமுத்து அதைப் பேசி முடிக்கவிடவில்லை. மணற்கடிகாரத்தை அழுத்திவிட்டான்.

இருபத்தைந்து வருடம். ஐந்து பாகம். எத்தனை பேர் செத்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போவதாகச் சொன்ன ஒரு வில்காரியைக் கடைசிக் களத்தில் இழந்திருக்கிறோம், அன்றைக்கு அவனே, "விதின்னா விதிடா" என்று சொல்லிப் பட்டியலில் எழுதினான். அப்படிப்பட்டவன் என்னைக் கேட்காமல், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், அதை அழுத்துகிறான். அவள் எழுந்து பழைய இடத்தில், மரத்தடியில் நிற்கிறாள்.

"என்னடா இது?" என்றேன்.

"விடு."

"விதி என்ன?"

"தெரியும். விடுடா வேலு."

எனக்குத் தலை சூடாகிவிட்டது. விதியில்லாமல் ஆடுவதென்றால் எதற்கு ஆட வேண்டும்? இனிமேல் எந்தக் களத்தில் எனக்குப் பயம் வரும்? நான் எழுந்தேன். சுவரில் படை ஆறின் தாள் ஒட்டியிருந்தது. அதுவரை ஏழு பெயர். ஜன்னல் மேல் அவன் பென்சில் இருந்தது. எடுத்து எட்டாவதாக எழுதினேன். திலகா. பன்னிரண்டாவது களம். குதிரைப்படை. தேதி.

இதில் என்ன தப்பு சொல்லுங்கள். நடந்தது அதுதானே? நடந்ததைத்தானே எழுதினேன்? வேறு எவன் பெயராக இருந்தாலும் அவனே எழுதியிருப்பான். பெயரைப் பார்த்து விதியை மாற்ற முடியுமா?

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். அவன் டிவியை அணைத்தான். ரிமோட்டை மேஜையில் நேராக வைத்தான். "எந்திரிச்சுத்தான் நிக்கற. அப்படியே போயிரு" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரைக்கும்கூட வரவில்லை. அன்றைக்கு அவன் டீ போடவும் இல்லை.

ஐந்து மாதம். போன் பண்ணுவான் என்று பார்த்தேன். தீபாவளிக்கு வாழ்த்து வரும் என்று பார்த்தேன். நான் ஏன் பண்ணவில்லை என்று கேட்காதீர்கள். விதியை மீறியவன் நானல்ல.

சரி, ஒரு மனிதன் உணர்ச்சிவசப்பட்டு மணற்கடிகாரத்தை அழுத்திவிட்டான், அவனுக்கு என்ன பதில் சொன்னால் மனது ஆறும்? அழுத்தத் தேவையே இல்லை என்று காட்ட வேண்டும். அந்தக் களத்தை நேர்வழியில், ஒரு தடவைகூடப் பின்னால் போகாமல், அவளைச் சாகவிடாமல் ஜெயிக்க முடியும் என்று காட்ட வேண்டும். அதுதான் என் யோசனை. மகளிடம் சொல்லி, டிவியில் மாட்டி ஆடுகிற ஒரு பெட்டியும் படை ஆறும் வாங்கினேன். முதல் களத்திலிருந்து தனியாக ஆடி, பன்னிரண்டாவது களத்துக்கு வந்து, அங்கே நிறுத்திவைத்தேன். காலையில் காலேஜுக்குப் போகும் முன்னால் ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை. வைத்தியக்காரிக்கு அதே பெயர்தான் வைத்தேன். சோதனை என்றால் எல்லா நிலையும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா?

நாற்பத்தொரு தடவை ஆடினேன் தம்பி.

என்ன சொன்னீர்கள்? மறுபடி மறுபடி ஆடுவதும் பின்னால் போவதுதானே என்கிறீர்களா?

இல்லை. அது வேறு. நன்றாக யோசித்துப் பாருங்கள், அது முழுக்க வேறு. மணற்கடிகாரத்தை நான் தொடவே இல்லை. அணைத்தேன், மறுபடி போட்டேன். லேபில் ரீடிங் தப்பாக வந்தால் சர்க்யூட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டுவோம், அதை ஏமாற்று வேலை என்பீர்களா? அது சோதனை. இது... இது வேறு. உங்களுக்கு வயது குறைவு, விளங்காது.

முதல் முப்பத்தேழு தடவையும் போனாள். தூண் மறைவில் நிறுத்தினால் அம்பு. மரத்தடியிலேயே விட்டால் குதிரைக்காரர்கள் நேரே அங்கே போகிறார்கள், எதிரித் தளபதிதான் கற்றுக்கொள்வானே. கேடயக்காரர்கள் இரண்டு பேரை இரண்டு பக்கம் நிறுத்தினால் நடுவில் புகுந்து ஒருவன். சில நாள் எட்டாவது முறை வரைக்கும் இருப்பாள், பாதிப் பாலம் வந்துவிடுவாள், அங்கே போவாள். அந்த வசனத்தை நான் முப்பத்தேழு தடவை முழுசாகக் கேட்டேன். அதை மட்டும் தாண்டிவிட எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

முப்பத்தெட்டாவது தடவை, தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை. ஈட்டிக்காரனை விட்டேன். வில்காரர்கள் இருவரையும் ரோட்டுக்கே அனுப்பினேன், தூசிக்கு முன்னால். அவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் அனுப்பினேன். அவள் பாலத்தில் கால் வைத்தாள். ஒரு முறை. இரண்டு முறை. கோட்டைக் கதவு திறந்தது. உள்ளே போய்விட்டாள். களம் முடிந்தது என்று எக்காளம் ஊதுகிறான்.

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "என்னங்க, எதுக்கு அழுவறீங்க?" என்கிறாள். அழவில்லை. அவ்வளவு நேரம் திரையையே பார்த்தால் கண் எரியாதா?

உறுதி செய்துகொள்ள இன்னும் மூன்று தடவை அதே மாதிரி ஆடினேன். மூன்றிலும் பாலத்திலேயே போனாள். அதைப் பற்றிக் கவலையில்லை. ஒரு தடவை முடிந்தது என்றால் முடியும் என்றுதான் அர்த்தம். அந்த ஒரு தடவையைத்தான் பதினான்கு பக்கத்தில் கட்டம் கட்டமாக எழுதி வைத்திருக்கிறேன். அவன் போட்ட மாதிரி அழகான கோடு இல்லை. ஆனால் ஒரு கட்டம் தப்பு இருக்காது. இதை அவன் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, "சரிடா வேலு, வழி இருந்திருக்குது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. அதற்கப்புறம் புனே போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

இருங்கள், போன் அடிக்கிறது. அவன்தான்.

சொல்லு... ம்... கவுந்தப்பாடி தாண்டிட்டேன். இன்னும் இருபது நிமிசம்... ஆமா, தனியாத்தான் வர்றேன்... நாச்சி, இரு, நான் ஒண்ணு கொண்டுட்டு வர்றேன். பாலத்துக் களம். அவ சாகாம... என்னது?... எப்போ?... ஏண்டா?... என்னை ஒரு வார்த்தை கேக்கலாமல்ல?... இல்ல, இல்ல, நான் சொல்றதக் கேளு. வழி இருக்குதுடா. நான் பாத்தேன். நீ எதுக்கு அதை... டேய்... வைத்தியக்காரி இல்லாம கடைசிக் களத்தை எப்படிடா ஆடறது? தோத்துருவோம்... ம்... ம்... சரி. சரி, வைக்கறேன்.

என்ன சொல்கிறான் தெரியுமா? அவளைப் படையிலிருந்து எடுத்துவிட்டானாம். இதில் அப்படி ஒரு வசதி இருக்கிறது, ஆளை விடுவித்துவிட்டால் அவர் முகாமைவிட்டு ஊருக்குப் போய்விடுவார், திரும்பக் கூப்பிட முடியாது. போன வாரம் பெட்டி கட்டும்போது டிவியைப் போட்டு, பாதியில் நின்ற பாலத்துக் களத்தைத் தனியாகவே முடித்து, கடைசியாக ஒரு தடவை முகாமுக்குப் போய், அவளிடம் பேசிவிட்டு, அனுப்பிவிட்டானாம். "எத்தனை நாளைக்குடா அவளை மரத்தடியிலயே நிறுத்தி வெக்கறது?" என்கிறான்.

அதுகூடப் போகட்டும். அந்தத் தாள். சுவரிலிருந்து கிழித்திருப்பான் என்று நினைத்தேன். அப்படியே இருக்கிறதாம். "நீ எழுதுனது கோணலா இருந்துச்சு. கோபத்துல எழுதுன எழுத்து. அழிச்சுட்டு நானே எழுதிட்டேன். முழுப் பேரா எழுதிட்டேன். தேதியும் சரியான தேதி போட்டுட்டேன்" என்கிறான். சாதாரணமாகச் சொல்கிறான், பஸ் எங்கே வருகிறது என்று கேட்ட அதே குரலில். "இருக்கறவங்கள வெச்சு ஆடலாம். தோத்தா தோத்துட்டுப் போறோம். கொள்ளுப்பருப்பு கடஞ்சு வெச்சிருக்கறேன், நேரத்துல வா."

ஐந்து மாதம். நாற்பத்தொரு தடவை. இவன் உட்கார்ந்து ஸ்கேல் வைக்காமல் கோடு போட்டு எழுதிவிட்டானாம்.

முழுப் பெயரை எப்படி எழுதலாம்? விளையாட்டில் முழுப் பெயர் ஏறவே இல்லையே. விதிப்படி பார்த்தால், அவள் அந்தக் களத்தில் சாகவே இல்லை, இவன்தான் பின்னால் போய்விட்டானே. சாகாதவள் பெயரைப் பட்டியலில் எழுத இவனுக்கு என்ன உரிமை? யாரைக் கேட்டு எழுதினான்? அவன் எதையும் என்னைக் கேட்காமல் செய்யமாட்டான். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், இரண்டு நாள் பொறு, நான் வருகிறேன், வழி இருக்கிறது என்று.

கோபி வந்துவிட்டது. என் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். தாள் மடங்கிவிடாமல்.

அவள் பாலத்தைக் கடந்தாள் தம்பி. முப்பத்தெட்டாவது தடவை. கதவு திறந்தது, உள்ளே போனாள். நான் பார்த்தேன்.